ஆறு தடம், ஏழு கல்லூரி

சூயாக், ஷெமாங் கிரேனியே, ரோஸ் பெல்,
பிளேன் மான்யாங், ரிவியேர் தேஸாங்கி,
எங்கள் மாயேபூர்,
கடைசியில், தேயிலைக் குளிரிலிருந்து
ஓட்டை பஸ்ஸில் இறங்கிவரும் கிராங் புவா.
எண்ணினால் ஏழு.

கரும்பு எஸ்டேட் ஆண்டுக்கொரு நாள் விட்டுக்கொடுக்கும்
புல்தரையில் ஆறு தடத்துக்குத்தான் இடம்.
இந்தப் பக்கம் மேனேஜர் வீட்டு வேலி.
அந்தப் பக்கம்
யாரையும் தொடவிடாத ஒரு புளியமரம்.

எங்கள் கூட்டமைப்பின் விதி பதினொன்று:
தொப்பிக்குள் ஏழு சீட்டுகள்.
ஏழை எடுத்தவர்
இரண்டாம் சுற்றில் தனியே ஓட வேண்டும்,
கடிகாரத்தை எதிர்த்து.
இந்த விதியை எழுதியவர்
எதற்காகவும் ஓடியிருக்கமாட்டார்.

அந்த ஜூலையில் ஏழு வந்தது கிராங் புவாவுக்கு.
மாலினி கூப்பேன் சீட்டைப் பார்த்தாள்,
நான்காக மடித்தாள்,
காலுறைக்குள் வைத்துக்கொண்டாள்.

நானூறு மீட்டர். முதல் சுற்றில்
எங்கள் ஷிரீன் பீர்பாய்
அறுபத்து நான்கு புள்ளி மூன்று.
மாயேபூர்ப் பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே
மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

பிறகு அவள்.
தொடக்கக் கோடு நூறு மீட்டர் அப்பால்.
கடிகாரம் பிடிப்பவர் மூவர்:
மெஸ்யே லபோன்தே, மெஸ்யே ரங்கென், நான்.
சத்தத்துக்குக் காத்திராதே, புகையைப் பார்,
இதுதான் முதல் பாடம்; நானே வகுப்பில் சொல்வது.
ஆனால் அன்று மேற்கே கரும்பு எரித்துக்கொண்டிருந்தார்கள்.
வானம் முழுக்கப் புகை.
கறுப்புச் சருகுகள் அவள் வெள்ளைப் பனியன்மேல்
இறங்கிக்கொண்டிருந்தன.
அதையா பார்த்தேன்?
துப்பாக்கியின் புகை எனக்குத் தெரியவில்லை.
சத்தம் வந்தபின்தான் கட்டைவிரல் அழுந்தியது.

ஆறு வெறும் தடங்களுக்கு நடுவே
ஒருத்தி.
டப்பாக்கள் ஓய்ந்திருந்தன.
வளைவில் அவள் ஒருமுறை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்,
யாரோ நெருங்குவதுபோல.
புல்லில் காலடி கேட்கும், தெரியுமா?
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

லபோன்தே: அறுபத்து நான்கு.
ரங்கென்: அறுபத்து நான்கு புள்ளி ஆறு.
மூன்றும் வேறானால் நடுவில் நிற்பதே கணக்கு.
என் கையில்
அறுபத்து நான்கு புள்ளி ஒன்று.

நான் கணக்கு டீச்சர்.
நூறு மீட்டர் கடக்க ஒலிக்கு
ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும்.
அதைக் கூட்டிச் சொல்லியிருந்தால்
புள்ளி நான்கு.
தங்கம் மாயேபூருக்கு,
உண்மையும் என் பக்கம்.
ஆனால் அந்த உண்மையைச் சொல்ல
எங்கள் ஊர் வாய்தான் அங்கே இருந்தது.
அது வெள்ளிப் பெண்ணின் டீச்சருடைய வாய்.
கிராங் புவாவில் யார் நம்புவார்கள்?
நானே நம்பியிருப்பேனா?

கடிகாரத்தை அப்படியே மேசைமேல் வைத்தேன்.
புள்ளி ஒன்று. எழுதிக்கொண்டார்கள்.
எங்கள் பிரின்சிபால் வெள்ளிக்கிழமைவரை
என்னோடு பேசவில்லை.
ஷிரீன் பேசினாள்,
திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகம் வைத்து:
“தனியா ஓடுறது ஈஸியா, மிஸ்?”
காற்று காரணமென்று ஏதோ சொன்னேன்.
காற்றே இல்லை அன்று.

இன்னும் எவரிடமும் சொன்னதில்லை.
ஷிரீன் இப்போது கியூர்பீப்பில் பல் மருத்துவர்;
என் கடைவாய்ப் பல்லை அவள்தான் பிடுங்கினாள்.
வாயைத் திறந்தபடி கிடந்தேன்,
அப்போதும் சொல்லவில்லை.

மறு ஆண்டு கூட்டத்தில்,
டீயும் பிஸ்கட்டும் வந்ததற்குப் பின்,
விதி பதினொன்றை அடிக்கச் சொன்னேன்.
காரணம் கேட்டார்கள்.
பிள்ளைகள் பாவம் என்றேன்.
நான்கு கை தூக்கியது, மூன்று தூக்கவில்லை.
மாயேபூரின் கை தூக்காத பக்கம்.

ஏழாவது தடம் புளியமரத்தடியில் போகிறது.
வேரில் கால் தட்டும்.
உயரமானவர் கிளைக்குக் குனிய வேண்டும்.
அதில் ஓடி ஜெயித்தவர் இதுவரை யாருமில்லை.
ஒவ்வொரு ஜூலையும் யாராவது ஒரு தாய்
வேலியோரம் நின்று எங்களைத் திட்டுகிறாள்,
நியாயமாகத்தான்.

துப்பாக்கி மட்டும்
இப்போது ஒரு தடவைதான் வெடிக்கிறது.